நான்காம் கணினிக்கு அக்கா தேர்ந்தெடுத்தவை

நூலகத்துக் கம்ப்யூட்டர்களில் யார் எதை அழித்தாலும் அது நேராக அக்காவின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். இதை எனக்குச் சொன்னவன் பெரியம்மா மகன். அவனுக்குச் சொன்னவர் அவனுக்கு முடி வெட்டுகிறவர். முடி வெட்டுகிறவருக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சொன்னாராம். இத்தனை வாய் மாறி, கடல் தாண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அது என்னிடம் வந்து சேர்ந்தது.

"உங்க அக்கா ஏதோ மந்திரம் வச்சிருக்காளாமே," என்றான். "ஊரே பேசுது."

"ஊரேன்னா எத்தனை பேரு?"

"நான், முடி வெட்டுறவர், தபால்காரர். இப்போ நீ."

சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். ஆனால் வெளிநாட்டில் பதினாறு வருஷம் இருந்துவிட்டால், வீட்டிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் வயிறு முதலில் கேட்டுவிடுகிறது, காது பிறகுதான் கேட்கிறது. அக்காவின் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீ என்ன பண்ணி வச்சிருக்கே?"

"சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதே."

"மாத்தலையே. சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"சாப்பிட்டேன்."

"நான் இன்னும் சாப்பிடலை. வச்சிடறேன்."

வைத்தும்விட்டாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவள் ஒருவரிடம் ஒரே ஒரு சொல் சொல்லியாக வேண்டும் என்பதும், சொன்னால் அவள் செய்த தப்பும் கூடவே வெளியே வந்துவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வியாழக்கிழமைதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷமாக அந்த நூலகத்தின் மூன்றாம் மாடியில் கவுண்டரில் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அம்மா படுக்கையில் இருந்த ஆறு வருஷமும் "அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அம்மா போன பிறகு கேட்கிறவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். அவளும் ஏன் கேட்கவில்லை என்று யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சின்ன வயதிலேயே அவள் பாதி இங்கே இருப்பாள், பாதி வேறு எங்கோ இருப்பாள். வாரத்துக்கு ஒரு முறை எங்கள் அறையில் கட்டிலை வேறு சுவருக்கு மாற்றிப் போடுவாள். ஏன் என்று கேட்டால், "இங்கேருந்து பார்த்தா கதவு வேற மாதிரி இருக்கு," என்பாள். அப்பா இருட்டில் கட்டிலில் இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கும் வேற மாதிரிதான் இருக்கு," என்பார்.

நூலகத்தில் வாசகர்களுக்கென்று எட்டுக் கணினிகள். எல்லாம் பழசு. போன வருஷம் அவற்றில் இருந்த இயங்குதளத்துக்கு இனிப் புதுப்பிப்பு வராது என்று சொல்லிவிட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்து, திறந்த மூல இயங்குதளம் ஒன்றை எட்டிலும் போட்டார். அதாவது, எழுதியவர்கள் பூட்டு போடாமல் விட்டுவைத்த மென்பொருள். யாரும் திறந்து பார்க்கலாம், பிடித்தபடி மாற்றிக்கொள்ளலாம். "எல்லாத்தையும் உங்க இஷ்டத்துக்கு வச்சுக்கலாம் மேடம்," என்று சொல்லிவிட்டு, இஷ்டம் என்றால் என்ன என்று சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை வாசகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். திரை முழுக்க ஒரே நீலம். மேலே ஒரு கறுப்புக் கீற்று, அதன் நடுவில் மணி. வேறு ஒன்றுமே இல்லை. ஒவ்வொருவராக எழுந்து கவுண்டருக்கு வந்தார்கள்.

"மேடம், ஆன் ஆகலை."

"ஆன் ஆயிடுச்சு."

"ஆன் ஆயிடுச்சுன்னா எல்லாம் எங்கே?"

அக்காவுக்கு அந்த வெறும் நீலம் பிடித்திருந்தது. காலி செய்த வீட்டுக்குள் முதல் முறை நுழைவது போல இருந்ததாம். எந்தச் சுவரிலும் ஆணி இல்லை, எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் வாசகர்களுக்கு அது காலி வீடு. குடியிருக்க வேண்டுமே. ஒரு மாதத்துக்குள் எல்லோரும் பழகிக்கொள்ளும்படி அதைச் சரிப்படுத்தித் தர வேண்டும் என்று தலைமை நூலகர் அக்காவிடமே விட்டுவிட்டார்.

அப்படித்தான் அவள் நீட்சிகளுக்குள், அதாவது எக்ஸ்டென்ஷன்களுக்குள், போனாள். அந்த டெஸ்க்டாப்புக்கு வேண்டிய சின்னச் சின்ன வசதிகளை யார் யாரோ எழுதி ஒரே தளத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு படம், பக்கத்தில் தள்ளினால் வேலை செய்கிற ஒரு பொத்தான். ஆயிரக்கணக்கில் இருந்தன. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை வாசக அறையைப் பூட்டிவிட்டு அவள் அதற்குள் நடக்கத் தொடங்கினாள். "ஒரு தெரு மாதிரிடி," என்றாள் என்னிடம். "முடிவே இல்லாத தெரு. ரெண்டு பக்கமும் ஒரே ஒரு சாமான் விக்கற கடைங்க. ஒருத்தன் மணியோட எழுத்தைப் பெரிசாக்கித் தரான். ஒருத்தன் ஜன்னலோட மூலையை வளைச்சுத் தரான். கடைக்காரன் யாரையும் பார்க்க முடியாது. விளக்கு மட்டும் எரியுது."

அந்தத் தெருவில் தொலைந்து போகாமல் இருக்க அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். எந்த நீட்சியும் முதலில் நான்காம் எண் கணினியில் மட்டும் ஏறும். ஏழு நாள் அங்கே இருக்கும். எட்டாம் நாள் யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துவிடுவாள். பிறகு கவுண்டரில் உட்கார்ந்து வாசகர்களின் கையைப் பார்ப்பாள். இல்லாத பொத்தானைத் தேடி மவுஸ் போகிறதா, போகவில்லையா. ஒரு நோட்டில் எழுதுவாள்: கை தேடியது. கை தேடவில்லை. தேடியது நிரந்தரமாக எட்டுக் கணினிக்கும் போகும். தேடாதது போய்விடும். நன்றாக இருக்கிறதா என்று யாரிடமும் அவள் கேட்கவே இல்லை. கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

கீழே ஒரு பட்டை, அதில் அடிக்கடி திறக்கும் செயலிகள்: கை தேடியது. ஜன்னலை மூடாமல் ஒதுக்கி வைக்கும் சின்னக் கோடு: தேடியது. கோப்புகளைத் திரையிலேயே பரப்பி வைக்க விடும் நீட்சி: தேடியது, எடுத்த அன்று ஒரு ஆசிரியை மேசையைத் தட்டியே கூப்பிட்டார். மெதுவாகப் படிப்பவர்களுக்காகத் திரை தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒன்று: தேடியது. ஜன்னல்களை ஜெல்லி மாதிரி ஆட வைக்கும் ஒன்று: தேடவில்லை, ஒருவருக்குத் தலை சுற்றியது. திரையில் பனி கொட்ட வைக்கும் ஒன்றைத் தன் ஆசைக்காக ஏற்றினாள். ஒரு பெரியவர் அன்று முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாலையே எடுத்துவிட்டாள்.

பூனைதான் விதியை உடைத்தது. மேல் கீற்றில் ஒரு குட்டிப் பூனை ஓடும். கணினிக்கு வேலை அதிகமானால் வேகமாக ஓடும், வேலை இல்லையென்றால் படுத்துத் தூங்கும். எட்டாம் நாள் அதை எடுத்தாள். எந்தக் கையும் தேடவில்லை. ஆனால் பகல் முழுக்க நான்காம் கணினியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏதோ வாசனை பிடிப்பது போல முகத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் தலைமை நூலகரே வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தப் பூனை எங்கேம்மா போச்சு?" என்றார். நோட்டில் அக்கா எழுதினாள்: கண் தேடியது. பூனை திரும்பி வந்தது.

தன் சொந்த மடிக்கணினியிலும் எனக்காக ஒன்று வைத்துக்கொண்டாள். அவள் ஊர் மணிக்குப் பக்கத்தில் என் ஊர் மணி. "கூட்டிக் கழிச்சு மண்டை காயுதுடி," என்றாள். அவ்வளவுதான்.

தப்பு நடந்தது ஒரு நல்ல காரணத்தால். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண், இரண்டு பக்கத்தையும் வெட்டி வேறு இடத்தில் ஒட்டப் போனாள். ஒட்டுவதற்கு முன் ஞாபக மறதியாக ஒரு தொலைபேசி எண்ணைக் காப்பி செய்தாள். கணினிக்கு ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே கையில் வைத்துக்கொள்ளத் தெரியும். எண் கைக்கு வந்தது, இரண்டு பக்கமும் காற்றோடு போயிற்று. அந்தப் பெண் அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல முழுவதையும் மறுபடி தட்டிக் கொடுத்தாள். மறுநாள் மதியம் அந்த நீண்ட தெருவில் ஒரு நீட்சியைக் கண்டெடுத்தாள். காப்பி செய்ததையும் வெட்டியதையும் எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சேர்த்து வைக்கும். மேலே பரீட்சை அட்டை போல ஒரு சின்னப் படம், அதைத் தட்டினால் பட்டியல் விரியும். எத்தனை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டது. கஞ்சத்தனம் எதற்கு என்று இருநூறு என்றாள். இனி யாரும் எதையும் தொலைக்க வேண்டியதில்லை என்று நினைத்தாளாம்.

வீட்டில் தன் மடிக்கணினியில் இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். வீட்டில் அது அருமையாக இருந்தது. அங்கே வெட்டுவதும் ஒட்டுவதும் அவள் ஒருத்திதானே. நூலகத்தில் எல்லோரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள், அதற்கு "வாசகர்" என்று பெயர். ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவர் உட்காருவார். நாற்காலி சூடு ஆறும், பட்டியல் ஆறாது. இரவு அணைத்து மறுநாள் போட்டாலும் அது அப்படியே இருக்கும். இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

எட்டாம் நாள் அந்த நீட்சியை எடுக்கப் போனபோது பட்டியலைத் திறந்தாள். சரியாக வேலை செய்ததா என்று பார்க்கத்தான்.

"என்னடி சொல்றது," என்றாள் வியாழக்கிழமை. "மத்தியானம். ரூம்ல யாரும் இல்லை. வெயில் மேசை மேல படுத்திருக்கு. நான் பாட்டுக்கு இறங்கிப் போயிட்டேன்."

மேலிருந்து கீழே. மரியாதைக்குரிய மேலாளர் அவர்களுக்கு. வலது முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும். ஒரு முகவரி. அதே முகவரி, கதவு எண் இல்லாமல். நான் நலம். நான் நலம். நான் நலமாகத்தான் இருக்கிறேன். ஒரு ரயிலின் எண். தெரியாத மொழியில் நான்கு வரி. நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முற்றுப்புள்ளி ஒன்று, தனியாக. யாரோ அதையும் வெட்டி எடுத்திருந்தார்கள். நீருக்கடியில் நடப்பது போல இருந்ததாம் அக்காவுக்கு. எல்லோரும் பேசுகிறார்கள், யார் வாயிலும் சத்தம் இல்லை.

அதில் கொஞ்சம் நீளமான ஒன்று இப்படித் தொடங்கியது: கவுண்டரில் இருப்பவருக்கு.

எழுதியவர் யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டரைக்கு வந்து ஒரு மணி வரைக்கும் நான்காம் கணினியில் உட்காருகிறவர் ஒருவர்தான். அந்தத் தெருவில் உள்ள பதினோரு கட்டடங்களின் லிஃப்டுகளையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். நூலகத்தில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். ஐம்பது தாண்டியவர். உட்கார்ந்ததும் பையிலிருந்து தன் துணியை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகுதான் விசைப்பலகையைத் தொடுவார். வரும்போது "வணக்கம்", போகும்போது "நன்றி". நான்கு வருஷமாக அக்கா அவரிடமிருந்து கேட்டது அந்த இரண்டு வார்த்தைதான்.

எழுதி முடித்ததும் முழுவதையும் தேர்ந்தெடுத்து வெட்டிவிடுவார். எங்கேயும் ஒட்டமாட்டார். வெள்ளைப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்துவிடுவார். வெட்டினால் போய்விட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

அக்காவுக்கு அந்தக் கடிதங்கள் மனப்பாடம். எனக்குச் சொன்னாள், கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு.

"கவுண்டரில் இருப்பவருக்கு. நீங்கள் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது லிஃப்ட் கதவு வண்டியின் பின்சக்கரத்தை இடிப்பதைப் பார்த்தேன். மூன்றாம் மாடிக்கு மட்டும் கதவை ஒன்றரை விநாடி தாமதமாக மூடும்படி வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதுதான் சரி. நல்ல லிஃப்ட் என்றால் ஏறியவருக்கு அது ஞாபகமே வரக் கூடாது."

"கவுண்டரில் இருப்பவருக்கு. இந்தக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு ஜன்னல். அதிலிருந்து ஆறு தெரியும், மதியத்தில் அது தண்ணீர் மாதிரி இருக்காது, யாரோ விரித்துப்போட்ட தகடு மாதிரி இருக்கும். கயிறு சுற்றும் சத்தத்தில் யார் எந்த மாடியில் ஏறுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் ஏறினால் சத்தம் மாறுவதில்லை. மாறும் என்று எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

"இதைப் படிச்சதுக்கப்புறமும் நீ அதை எடுக்கலையா?" என்றேன்.

"எடுத்தேனே. எட்டாம் நாள் விதிப்படி எடுத்துட்டேன். அன்னிக்கு யாரும் தேடலை."

"அப்புறம்?"

"மறுநாள் ஒரு மணிக்கு அறையைப் பூட்டிட்டு நாலாம் நம்பர்ல உட்கார்ந்தேன். கை தானா மேலே போச்சு. அங்கே ஒண்ணும் இல்லை."



"நோட்டுல என்ன எழுதினே?"

"எழுதலை. திரும்பப் போட்டேன்."

இரண்டு வாரம் அது அங்கேயே இருந்தது. மற்றவர்களின் வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடுவேன் என்றாள். முழுக்க உண்மையா என்று நான் கேட்கவில்லை. தினமும் ஒரு மணிக்கு மேல் தானும் அவரும் மட்டும் இருக்கிற ஒரு அறைக்குள் அவள் போய்விட்டு வந்தாள். அவருக்கு அந்த அறை இருப்பதே தெரியாது. கவுண்டரில் "வணக்கம்" என்பார். இவளும் "வணக்கம்" என்பாள். ஒருநாள் வேண்டுமென்றே லிஃப்டில் வண்டியை மெதுவாகத் தள்ளிப் பார்த்தாளாம். கதவு காத்திருந்தது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை இது வந்தது.

"கவுண்டரில் இருப்பவருக்கு. கம்பெனி என்னை வேறு ஊருக்குப் போகச் சொல்கிறது. அங்கே உயரமான கட்டடங்கள், புது லிஃப்டுகள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். இங்கேயே இருக்க என்ன காரணம் என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவேன். ஆனால் நான் கேட்கப்போவதில்லை. நான்கு வருஷம் வணக்கம் சொல்லிவிட்டு இதைக் கேட்டால் நீங்கள் பயந்துபோவீர்கள்."

அதே சமயத்தில்தான் ஓய்வுபெற்ற தபால்காரர் நான்காம் கணினியில் உட்கார்ந்து, மேலே இருந்த அட்டைப் படத்தை என்னவோ என்று தட்டியிருக்கிறார். தான் காலையில் வெட்டி எறிந்த ஒரு புகார்க் கடிதம் முழுசாக எழுந்து நின்றது. பட்டியலில் இன்னும் கீழே இறங்கிப் போகும் அளவுக்கு அவருக்குப் பொறுமை இல்லை, அது ஒரு அதிர்ஷ்டம். முடி வெட்டும் கடைக்குப் போய்ச் சொல்லும் அளவுக்குப் பொறுமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டபோது சாப்பாட்டைச் சொல்லி வைத்துவிட்டாள் இல்லையா, திங்கட்கிழமை காலை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனாளாம். பட்டியலைப் படிக்காமல் முழுக்க அழித்தாள். நீட்சியையும் எடுத்தாள். தலைமை நூலகர் வந்ததும், பொதுக் கணினியில் அதைப் போட்டது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்தாள்.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். "யாரோடதையாவது நீங்க படிச்சீங்களா?"

அக்கா அந்தத் தாளையே பார்த்தாள்.

"நான் கேட்கலை," என்று தாளை இழுப்பறைக்குள் வைத்தார். "பூனை இருக்கட்டும், மத்ததை நல்லாப் பார்த்துப் போடுங்க."

அன்றும் பன்னிரண்டரைக்கு லிஃப்ட்காரர் வந்தார். விரல்களைத் துடைத்தார். எழுதினார். வெட்டினார். இந்த முறை அது உண்மையாகவே போய்விட்டது. என்ன எழுதினார் என்று அக்காவுக்குத் தெரியாது, இனி தெரியவும் தெரியாது. போகும்போது கவுண்டரில் நின்று "நன்றி" என்றார். அன்று ஒரு விநாடி கூடுதலாக நின்றார் என்கிறாள். வாயைத் திறந்தாளாம். "கார்டு புதுப்பிக்கணும், அடுத்த மாசம் முடியுது," என்று வந்ததாம்.

"அடுத்த மாசமா? அவர் ஊர்லயே இருக்கமாட்டார்னு தெரிஞ்சுகிட்டே கார்டு புதுப்பிக்கச் சொன்னியா?"

"தெரியாத மாதிரிதானே பேசணும்!"

"நல்லா நடிச்சே. போ."

செவ்வாய் அவர் வரவில்லை. புதனும் வரவில்லை. முடி வெட்டும் கடையில் விஷயத்தைக் கேட்டிருப்பாரோ என்று பயந்தாளாம். கேட்டிருந்தால் தன் கடிதங்கள் எங்கே போயின என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அறைக்குள் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள் என்று தெரிந்திருக்கும். வியாழக்கிழமையும் வராததால்தான் என்னைக் கூப்பிட்டுக் கொட்டினாள்.

"நாளைக்கு வருவார்," என்று முடித்தாள், தனக்குத்தானே சொல்வது போல.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை இல்லை. இருந்தாலும் காலை வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் ஊரில் மாலை நாலேகால் ஆனபோது அழைப்பு வந்தது. புத்தகம் தைக்கும் அறையிலிருந்து பேசினாள். பின்னால் பசை டப்பாக்கள், முதுகு கிழிந்த அகராதிகள். அவள் முகம் திரைக்கு மிக அருகில் இருந்தது, தூங்கி எழுந்தவள் போல.

"வரலை," என்றாள்.

"போன் பண்ணு."

"எந்த நம்பருக்கு? மெம்பர்ஷிப் ரெஜிஸ்டரைத் திறக்கமாட்டேன். ஒரு தடவை திருடினது போதும்."

"லிஃப்டுக்குள்ள இருக்குமே, பழுதானா கூப்பிடுங்கன்னு அவரோட நம்பர்."

உள்ளங்கையைக் காட்டினாள். பேனாவால் எண்ணை எழுதிவைத்திருந்தாள். மத்தியானமே போய்ப் பார்த்திருக்கிறாள்.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது. என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? நடுவுல நின்னுடுச்சுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு, ஓடி வருவார். வந்து பார்த்துட்டு, மூணாவது மாடியில எல்லாம் சரியா இருக்கே மேடம்னுவார். நீ கார்டு புதுப்பிக்கச் சொல்லு."

சிரித்தாள். உடனே கண் கலங்கிவிட்டது. "படிச்சேன்னு சொன்னா என்ன நினைப்பார்?"

"என்ன வேணா நினைக்கட்டும். நினைக்கறதுக்கு ஊர்ல இருக்கணுமில்லே?"

"முதல்ல மன்னிப்புக் கேட்கணும். அந்த எக்ஸ்டென்ஷன் ஏன் போட்டேன், எப்படி எல்லாருடையதும் அதுல விழுந்தது, நான் எத்தனை நாள் படிச்சேன், எல்லாத்தையும் சொல்லணும். அப்புறம்தான்..."

"அக்கா, மணி என்ன?"

"நாலு இருபத்தேழு."

"உன் மன்னிப்பு ஆறு மணிக்கு முடியும். வரிசையை மாத்து. எடுத்ததும் 'இருங்க'ன்னு சொல்லு. அப்புறம் ராத்திரி பூரா மன்னிப்புக் கேளு, யாரு தடுக்கறா?"

"எடுத்ததும் இருங்கன்னா, லைன்ல இருங்கன்னு நினைச்சுக்கமாட்டாரா?"

"லைன்லயும்தான் இருக்கட்டுமே!"

முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் இருந்த எண் கன்னத்தில் லேசாக நீலமாக ஒட்டியது.  அவள் தன் கைப்பேசியை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள். ஏழா ஒன்றா என்று தெரியாத ஒரு இடத்தில் நின்று, கையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் போட்டு அகராதிகளின் மேல் வைத்தாள்.

இணைப்புக் கிடைக்கும் முன் வரும் அந்த வெறும் காற்றுச் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு மணி அடித்தது. முதலில் அவள் அறையில், அரை விநாடி கழித்து என் அறையில்.

"அக்கா, மூச்சு விடு."

"பேசாதே."

அடித்தது. அவர் இப்போது ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் ஓடும் சத்தத்தில் காது கேட்காமல் நின்றிருக்கலாம். கம்பெனிக்காரர்களோடு வேறொரு போனில் பேசிக்கொண்டிருக்கலாம். திரையில் தெரியாத எண்ணைப் பார்த்தபடியே கையில் துணியோடு நின்றிருக்கலாம். அக்காவின் உதடுகள் அசைந்தன, சத்தமில்லாமல், அந்த ஒரு சொல்லைச் சரிபார்த்துக்கொண்டு.

மறுபடி அடித்தது. அவள் வைத்துவிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பேசியின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.